பேட்டரியைத் தின்றது யார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள், இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நம் கார்தான் இரண்டு வாரமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கடைசிவரை படி.

காலையில் சாவியைத் திருப்பினால் டொக் டொக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. அப்பா, பேட்டரி கிழடாகிவிட்டது என்று புதிது வாங்கி மாட்டினார். மூன்றாம் நாளே அதுவும் உயிரை விட்டது. உடனே, ஆல்டர்னேட்டர் போச்சு, ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார், அவர் தீர்ப்புக்குத்தான் அப்பீலே கிடையாதே. இதற்கு நடுவில் என் கவலை வேறு. அப்பாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, இந்த முறை டெஸ்டில் அதைவிட எகிறிவிட்டது. மாத்திரை தவறுவதில்லை, தட்டில் அளந்துதான் வைக்கிறேன், தினமும் நடக்கவும் செய்கிறார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் ஊசிதான், மாத்திரைக்கு நோய் கட்டுப்படவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் சமைப்பதில்தான் ஏதோ தப்பு என்று யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

டாக்டரிடம் போகவாவது கார் ஓடவேண்டுமே என்று தெருமுனையில் ஷெட் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியனை நானே கூப்பிட்டேன், வாய் மூடாமல் பேசுகிறார் என்று நீ ரேடியோ என்று பேர் வைத்தாயே, அவர்தான். தான் கொண்டுவந்த பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு வண்டியை உசுப்பி மீட்டரை வைத்தார், பதினான்கு வோல்ட் காட்டியது, ஆல்டர்னேட்டர் கல்லு மாதிரி இருக்கு சார் என்றார், அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு இஞ்சினை அணைத்து, பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். எல்லாம் அணைந்திருந்தும் கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு, சார்ஜும் ஏறுது, ராத்திரியில ஏதோ ஒண்ணு உக்காந்து திங்குதும்மா என்று அவர் சொன்னதும் அப்பாவுக்கு இருமல் வந்தது. கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்குமாம், அதனால் அப்பா கதவு ஸ்விட்சைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு நின்றார், ரேடியோ ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார், நான் மீட்டரைப் பார்த்துச் சொன்னேன். ஹாரன் ஃப்யூஸுக்கு அசையவில்லை, பாட்டுப்பெட்டிக்கு அசையவில்லை. அடுத்ததைப் பிடுங்கியதும் சடக்கென்று இறங்கிவிட்டது. அது டிக்கி விளக்கு. டிக்கி மூடித்தான் இருந்தது, ஆனால் கொக்கி பாதிதான் மாட்டியிருந்தது, உள்ளே விடிய விடிய விளக்கு எரிந்திருக்கிறது. ஓங்கிச் சாத்தணும் சார், பூ மாதிரி வச்சா எப்படி மாட்டும் என்று கேட்டார் ரேடியோ.

ஓங்கிச் சாத்தினால்தான் எனக்குக் கேட்டுவிடுமே! சாப்பிட்டு முடித்ததும், கேட் பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வர்றேன் என்று இவர் தினமும் எழுந்து போனது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டெப்னிக்குப் பின்னால் கையை விட்டேன், பெரிய சாக்லேட் டப்பா, முக்கால்வாசி காலி. முன்பெல்லாம் அலமாரியில் துணிக்கு அடியில் இருந்ததாம், நான் அலமாரியை ஒதுக்கிய அன்று காருக்குக் குடிபோயிருக்கிறது. அப்பா திருதிருவென்று விழித்தார், கட்டைவிரலை ஸ்விட்சிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. எனக்குக் கோபமே வரவில்லையடி. நோய் முற்றவில்லை, திருட்டுத்தான் முற்றியிருக்கிறது என்று தெரிந்ததும் வண்டிமேல் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். டாக்டரிடமும் நானே போட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு வாருங்கள், ஊசியை அப்புறம் பார்க்கலாம் என்றார். இந்த ஒரு மாதம்தான் எங்களுக்குப் பரீட்சை. அப்பா இதுவரை சமர்த்தாகத்தான் இருக்கிறார், கார் ஒரே திருப்பில் கிளம்புகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்விழித்து வேலை பார்க்காதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. யார் கொடுத்தது என்று எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன், அப்பா கடைசிவரை உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்பாவுக்குச் சோறு அளவாப் போடும்மா என்று போனில் எனக்கு வகுப்பெடுத்துவிட்டு, இந்தப் பக்கம் வருகிறவர்களிடமெல்லாம் பார்சல் கொடுத்தனுப்பியிருக்கிறாய். இனி ஒரு டப்பா வந்தால் ஊசி போட நீதான் வரவேண்டும். மூடியில் அப்பாவுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறாயே, அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியாதா? அந்தக் கையைப் பிடித்து முதல் எழுத்து எழுதவைத்தவளே நான்தான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா