படிக்காத வரைபடத்தில் இட்ட முத்திரை

மலை தேயாதிருக்க, மதகு சாயாதிருக்க, கடல் தன் எல்லையில் நிற்க. செம்பாறை நாடு காக்கும் செங்கோதை மாதேவியாரின் ஆணைப்படி, அமைச்சர் நாகமங்கை, வடகரைப் பொறியர் குழுத் தலைவர் கீரன்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமே வாழ்க.

இந்த வாழ்த்தை எழுத அமைச்சரின் கை மறுத்தது. மரபு கருதியே எழுதினார்.

நிலத்தடியில் ஊறும் கல்நெய்யை எடுக்க அயல்நாட்டு வணிகர் பெரும்பொருளுடன் வந்தபோது, இந்நாட்டுப் பொறியர் ஒருவர் முத்திரையிடாமல் எந்தக் குழாயும் பதிக்கலாகாது என்று அரசவை விதித்தது. நம்மவர் உடனிருந்து கற்பர், பின்னாளில் நாமே தோண்டுவோம் என்று அவையில் வாதாடி அவ்விதியைப் பெற்றவர் நாகமங்கையே. வணிகரோ அறிவைப் பூட்டி வைத்துக்கொண்டு முத்திரையை மட்டும் வாடகைக்கு எடுத்தார்கள். அணை கட்டிய நம் பொறியரின் கைகள் பந்தல் நிழலில் அமர்ந்து முத்திரைக்கு அரக்கு உருக்குகின்றன. மதகு பழுது பார்க்க ஆள் அனுப்பச் சொன்னால், அந்தக் கூலிக்கு எவன் வருவான் என்று தங்கள் குழுவினர் தூதுவனைக் கேலி செய்து அனுப்புகிறார்கள்.

சென்ற திங்கள் புன்னைத்துறையில் குழாய் வெடித்தது. அதன் வரைபடத்தில் இருந்தது தங்கள் முத்திரை. ஓடிவந்த மீனவர், குழாயை அடைக்கும் திருகு எங்கே என்று தங்களைக் கேட்டார்கள். தங்களுக்குத் தெரியவில்லை. உள்ளிருந்த நெய் தீரும்வரை நெருப்பு எரிந்தது. செம்பி என்பவளும் அவள் கைக்குழந்தையும் கரிந்தார்கள். விசாரிக்கச் சென்ற அமைச்சரிடம் வணிகர் தலைவன், உங்கள் பொறியரைக் கடிந்துகொள்ளாதீர்கள் அம்மையே, அவர் முத்திரை ஒருநாளும் கோணலாக விழுந்ததில்லை என்று சொல்லிச் சிரித்தான். அவன் சிரிப்பைவிட, அருகில் நின்ற தாங்களும் மெல்லப் புன்னகைத்ததே அமைச்சரை இன்றும் உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

வணிகர் வரைபடத்தின் கடைசி ஏட்டை மட்டுமே காட்டினார்கள் என்றும், விதி முத்திரையைத்தான் கேட்கிறது, அறிவைக் கேட்கவில்லை என்றும் தாங்கள் விடை எழுதினீர்கள். அமைச்சர் அந்த ஓலையைக் கிழிக்க எடுத்தார்; முடியவில்லை. எழுதியிருந்தது உண்மை. உண்மையாய் இருந்ததே அவர் சினத்தைப் பெருக்கிற்று.

ஆகவே ஆணை: இன்றுமுதல் விதி அறிவையும் கேட்கும். முத்திரையிடுபவர், குழாய் செல்லும் ஊரார் முன் நின்று வரைபடம் முழுவதையும் தம் வாயால் விளக்குக. வணிகர் முழு வரைபடம் தர மறுத்தால் கல்நெய்க் கிணறு மூடப்படும். அவர்கள் தம் பொருளை அள்ளிக்கொண்டு போகட்டும் என்று அரசியார் கூறிவிட்டார்.

முதலில் விளக்க வேண்டியவர் தாங்கள். வரும் முழுநிலவன்று புன்னைத்துறையில், செம்பியின் கணவன் முன் நின்று, அத்திருகு இருக்கும் இடத்தைக் காட்டுக. காட்டினால் தலைமை தங்களுடையதே. இயலாவிடில், முத்திரையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புக.

இவ்வாணை மாறாது. அரசியாரின் முத்திரை இடப்பட்டது; ஒவ்வொரு சொல்லையும் படித்தபின் இடப்பட்டது.