மழைக்குத் திறக்கும் வால்வு

3-9-91, செவ்வாய்
பகல் மூன்று மணிக்கு நல்ல மழை. ஃபாக்டரியில் பேட்டரி பிளேட் கழுவிய தண்ணீர், தொட்டி நிறைய. சூப்பர்வைசர் வழக்கம்போல் கை காட்டினார். வால்வைத் திறந்தேன். மழைத் தண்ணீரோடு சேர்ந்து ஏரிக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. ஆறு வருடமாக இதே வேலை. ஒரு நாளும் உறுத்தியதில்லை.
வீட்டில் முட்டைக் குழம்பு. ஸ்டெல்லாவுக்கு ஐந்தாம் மாதம், இப்போதுதான் வாய்க்கு ருசி தெரிகிறது. இரண்டு சாப்பிட்டாள்.
வாங்க: சோப்பு, சைக்கிள் டியூப், கொசுவத்தி.

4-9, புதன்
மூட்டம். முட்டை கடையில் வாங்கியது இல்லையாம். பக்கத்து வீட்டு ஜைபூன் அக்கா அடிக்கடி கொடுப்பதாம். அவர் வீட்டுக்காரர் காதர் பாய் ஆட்டுக்குப் புல் அறுக்க ஏரிக்குள் இறங்குவார். ஏரிக்கோழிக் கூட்டிலிருந்து எடுத்து வருகிறார். அக்காவே சொன்னார்:
"இந்த வருசம் ஓடே கெட்டியா இல்ல தம்பி. பத்துல நாலு, கையில எடுக்கறப்பவே ஒடஞ்சு போவுது. குஞ்சையே காணோங்கறாரு."
எந்த ஏரி என்று கேட்கவில்லை. இங்கே இருப்பது ஒன்றுதான்.

5-9, வியா.
வெயில். பஞ்சர். சோதித்துப் பார்க்கச் சொல்லி, ஃபாக்டரி லேப் மஞ்சுநாத்திடம் ஒரு முட்டையைக் கொடுத்தேன். தளிப் பக்கத்துக் கன்னடக்காரன், நல்லவன்.
ஸ்டெல்லாவிடம் இனி முட்டை வேண்டாம் என்றேன்.
"ஏங்க?"
"சூடு."
"நீங்க எப்பலேர்ந்து டாக்டரு?" என்று சிரித்தாள். கத்திவிட்டேன். கோபம் அவள் மேல் இல்லை.

7-9, சனி
முட்டையில் ஈயம். மஞ்சு லேப் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்.
"பேடப்பா, வேணாம், யாருக்கும் சொல்லாத. உன் வேலையும் போவும், என் வேலையும் போவும்."
இத்தனை நாளில் ஸ்டெல்லா எத்தனை தின்றிருப்பாள்? கணக்குப் போடவே பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்ப்பார்களா? என்ன காரணம் சொல்லிக் கேட்பது?

8-9, ஞாயிறு
சர்ச் பூசைக்குப் போனோம். சாமியார் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. திரும்பி வந்தால் வாசலில் ஜைபூன் அக்கா, கிண்ணத்தில் ஆறு முட்டை. வானம் கறுத்திருந்தது.
வாங்கி அப்படியே சாக்கடையில் கொட்டினேன். ஸ்டெல்லா, "என்னங்க!" என்று கத்தினாள்.
"வெசமா என்ன தம்பி, இப்படிக் கொட்டறே?"
"வெசந்தான் அக்கா. உங்க வீட்லயும் யாரும் திங்காதீங்க. ஃபாக்டரியிலருந்து ஈயத் தண்ணி ஏரிக்குப் போவுது."
"புள்ளத்தாச்சிக்கு அத்தனையும் குடுத்துட்டேனே!" அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்தப் பாவி தம்பி அதத் தெறந்து விடறான்?"
தூறல் விழ ஆரம்பித்தது. ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான்தான் என்றேன்.