சுண்ணாம்பு போட்ட மக்காச்சோளம்

வியாழன் இரவு.

எங்கள் மெக்சிகன் ஹோட்டலுக்கு டோர்டியா ரொட்டி மாவு எங்கே தேடியும் கிடைக்கவில்லை. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்தால் அதே மாவுதான் என்று போனில் பார்த்தேன். இங்கே சத்வாவில் நம்மூர்க் கடையொன்றில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை வாங்கிவந்து, நானே அரைத்துச் சுட்டேன். ரொட்டி பிய்யாமல் வந்தது. சும்மா இருந்திருக்கலாம்.

மேனேஜர் மணி அண்ணன் தோளில் தட்டினார். "பிரமாதம்டா. அடுத்த வாரம் நீ ஊருக்குப் போயிட்டா இத யாரு செய்வா? மாவு வர்ற வரைக்கும் லீவு மாஃபி, கிடையவே கிடையாது."

"தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துண்ணே. தாய்மாமன் மடியிலதான உக்கார வைக்கணும்."

"தள்ளி வைக்கச் சொல்லு."

பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு வேண்டிய சோளத்தை ஊறப் போட்டுவிட்டுத்தான் ரூமுக்கு வந்தேன்.