உங்கள் பக்கம் வராத காற்று

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் சௌக்கியம். கையில் மட்டும் நாலு இடத்தில் கீறல், பயப்படும்படி ஒன்றுமில்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வீர்கள். அதனால் கேட்கவில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பாதி உங்களுக்குக் கேட்காது, மீதிக்கு "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். வண்டியிலிருந்த ஏசியைக் கழற்றிவிட்டேன்.

உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். "நீ தொடாத, நான் வந்து பாத்துக்கறேன்" என்று நீங்கள் சொல்லி இரண்டு கோடை போய்விட்டது. நானும் தொடவில்லை. குளிர் காற்று நின்றபோது ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டேன். கம்ப்ரஸர் கத்த ஆரம்பித்தபோது ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டேன். ஆனால் போன வாரம் மலைமேல் சாலை போடுகிறவர்களின் முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போகும்போது, செங்குத்தான மேட்டில் கம்ப்ரஸர் இறுகிக்கொண்டு பெல்ட் அறுந்தது. அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறதாம். இன்ஜின் கொதித்து வண்டி நின்றேவிட்டது.

மண் லாரி ஒன்று வந்து கட்டி இழுக்கும்வரை அந்த வளைவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தால் உங்களைத் தவிர யாருமே நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கும் உங்களைக் கூப்பிட்டு என்ன செய்ய? போனைப் பையில் போட்டுவிட்டேன். முகாம் மேஸ்திரி வேறு, "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற வண்டி பாத்துக்கறோம்மா" என்று சொல்லிவிட்டார். இனியும் எப்படித் தொடாமல் இருப்பது?

நம் மெக்கானிக்குக்கு 'பொறுமை' என்று பெயர் வைத்தவரே நீங்கள்தானே. அவர் இன்னும் வாய்க்கு வாய் "பொறுமை, பொறுமை" என்றுதான் சொல்கிறார். இப்போது இடுப்புப் பிடிப்பு, குனிய முடியவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கழற்றியதெல்லாம் நான்தான். முதலில் மீட்டர் வைத்துப் பார்த்தார். கேஸ் எப்போதோ கசிந்து தீர்ந்திருந்தது. கம்ப்ரஸரை இறக்கினேன். அது இல்லாமல் ஓட அளவில் சின்ன பெல்ட் ஒன்று மாட்டினோம். ரேடியேட்டருக்கு முன்னால் வலை மாதிரி இருக்குமே, அதில் சேறு செங்கல்லாகவே ஆகியிருந்தது. கையைக் கிழித்தது அதுதான்.

பிறகு டாஷ்போர்டைப் பிரித்தோம். பக்கத்து சீட்டுக்குக் காற்று போகிற குழாயில் ஏதோ அடைத்திருந்தது. எலிக்கூடு என்று நினைத்துக் குச்சியால் இழுத்தேன். வந்தது உங்கள் பழுப்புக் கோடு போட்ட சட்டை.

கொடியில் காணாமல் போன சட்டை! அதற்காகப் பக்கத்து வீட்டு அக்காவை எத்தனை நாள் ஒரு மாதிரியாகப் பார்த்திருக்கிறேன்!

பொறுமைதான் விஷயத்தைச் சொன்னார். "அது ஒடச்ச வண்டியிலேர்ந்து எடுத்த பழைய ஏசிம்மா. ரெண்டு பக்கமும் குளுராக்க அதுக்குத் தெம்பு இல்ல. ஒரு பக்கத்த அடைச்சா ஓட்டறவங்களுக்காவது நல்லா வரும்னு சொன்னேன். உடனே பையிலேர்ந்து சட்டைய எடுத்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு" என்றார்.

"ஏசி எனக்கு ஒத்துக்காது, தலைவலிக்குது" என்பீர்களே. பக்கத்தில் உட்கார்ந்து வேர்த்து ஒழுகுவீர்கள். ஓசிக் குளிர்கூட ஒத்துக்காத உடம்பு என்று நான் சிரிப்பேன். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பட்டறைக்குப் பின்னால் போய் அழுதேன். சட்டையை முகர்ந்தும் பார்த்தேன். எலி வாசனைதான் வந்தது.

கழற்றியதைப் பழைய இரும்பில் போட்டுவிடலாமா என்று பொறுமை கேட்டார். கம்ப்ரஸர் போனது போனதுதான், மற்றது நன்றாக இருக்கிறது, வேறு கம்ப்ரஸர் கிடைத்தால் திரும்ப மாட்டலாம், ஆனால் குழாய் வாயையெல்லாம் அடைத்து வைக்காவிட்டால் ஈரம் இறங்கி உள்ளேயே அரித்துவிடும் என்றார். ஒவ்வொரு வாயாகப் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டினேன். எல்லாம் இப்போது கட்டிலுக்கு அடியில் உங்கள் பக்கமாக இருக்கிறது. "ஒரு மழைக்காலம் தாங்கும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல" என்றார். பொறுமை என்கிற மனிதரே அவ்வளவுதான் தவணை கொடுக்கிறார்.

அங்கே கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று போன தடவை போனில் கேட்டீர்கள். உங்க இஷ்டம் என்றேன். அந்த நேரத்தில் வாய்க்கு வந்தது அதுதான். அது என் பதில் இல்லை. அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏசியும் வேண்டாம், இன்னும் இரண்டு வருஷமும் வேண்டாம். எனக்கு நீங்கள்தான் வேண்டும்.

சட்டையை இரண்டு தடவை துவைத்துக் கொடியில் போட்டேன். இங்கே கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை காய்ந்து எத்தனை நாளாயிற்று! பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "என்ன, அவர் வந்துட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

ஏற்கெனவே அவரைத் திருடியாக நினைத்த பாவம் இருக்கிறது. என்னைப் பொய்க்காரியும் ஆக்கிவிடாதீர்கள். மழைக்கு முன்னால், உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பக்கத்து சீட்டைத் துடைத்து வைத்திருக்கும்
உங்கள் டிரைவர்