எழுதாமல் விட்ட மக்னீசியம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. உன் சோதனை தப்பென்று சொல்லி உன்னை ஆய்வகத்திலிருந்து அனுப்பிவிட்டு, உன் குறிப்பேட்டை நகலெடுத்துத் தன் பெயரில் வெளியிட்டாரே பேராசிரியர், அவர் நேற்று வெளியூர் நிபுணர்கள் முன்னால் அதைச் செய்துகாட்ட வேண்டி வந்தது. செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதம் ஏடிபி என்ற எரிசக்தியைச் செலவழித்துக் கொழுப்பை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் தள்ளும் என்று சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்லித்தந்தாயே, அதேதான். ஒளிரும் கொழுப்பு வெளியே வந்தால் கடைசியில் ஊற்றும் மருந்து அதை அணைத்துவிடும், முதலிலேயே வெளியே இருக்கும் பாதி எப்படியும் அணையும், புரதம் வேலை செய்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கவேண்டும். கரைசல் கலப்பது வழக்கம்போல ஆய்வக உதவியாளான நான். மக்னீசியம் இல்லாவிட்டால் ஏடிபியைப் புரதம் சீந்தாது என்று நீ வாயால் சொன்னாய், நான் கையால் போட்டேன், குறிப்பேட்டில் ஏறவே இல்லை. அவரிடம் வேறெதுவும் சேர்க்கணுமா சார் என்று ஒரு வார்த்தை கேட்டேன். எழுதினத மட்டும் கலங்க, உங்க யோசனைய யாரும் கேக்கல என்றார். சரி என்று எழுதினதை மட்டும் கலந்தேன், ஒரு துளிகூட வருத்தமில்லை.

வெளிச்சம் பாதியிலேயே நின்றுவிட்டது. மனிதர் இயந்திரத்தைத் திட்டினார், பிறகு என்னைத் திட்டினார். கலக்கச் சொல்லி அவர் எழுதிக் கையெழுத்திட்ட தாளை மேசைமேல் வைத்தேன். நிபுணர்களில் ஒரு அம்மா இதில் மக்னீசியம் எங்கே என்று கேட்க, பேராசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை என் மகதான் போடச் சொல்லுவா, இது அவ செஞ்ச சோதனை என்றேன். மக்னீசியமும் போட்டு மறுபடி கலந்து, ஒரு மணி நேரம் காத்திருந்து பார்த்தோம், வெளிச்சம் கடகடவென்று இறங்கியது. அவர் முகமும்தான். எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அந்த அம்மா கேட்டதும் உன் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

உனக்கு எழுதுவார்கள். போனால் போகட்டும் என்று நல்ல பிள்ளையாகப் பதில் போட்டாயோ, நான் உன்னோடு பேசமாட்டேன். இன்று காலை அவரே பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து, கட்டுரையில் உன் பெயரை இரண்டாவதாகச் சேர்க்கலாமா என்று இழுத்தார். குழாயை மூடாமலே சொன்னேன், உங்க யோசனைய யாரும் கேக்கல சார்.

தலை நிமிர்ந்து நூறு வருஷம் இரு கண்ணு. அசல் குறிப்பேட்டைப் பூட்டி வை, மறக்காதே.

உன் பெயர் முதலில் வரும்வரை கை கழுவாத,
அம்மா