தம்பி மூச்சு வாங்கிய இடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

ட்ரம்பெட் ஊத ஆள் வைக்காமல், கீபோர்டிலேயே அந்தச் சத்தத்தைத் தருவதாகச் சொல்லித்தான் எங்கள் குழுவுக்குக் கச்சேரி பிடிக்கிறேன். விடாமல் வாசித்தால் பொய் என்று தெரிந்துவிடும். ஊதுகிறவன் மூச்சு வாங்கும் இடத்தில் விரலை எடுக்க வேண்டும். நேற்று என்னை அறியாமல், நம் தம்பி உயிரோடு இருந்தபோது அதே பாட்டை ட்ரம்பெட்டில் ஊதுகையில் மூச்சு வாங்கிய இடங்களிலேயே எடுத்திருக்கிறேன்.

"அண்ணே, பாட்டுக்கு நடுவுல யாரு மூச்சு வாங்கினது?" என்றார் டிரம்ஸ்காரர்.

"ஸ்பீக்கர் இரைச்சல்ப்பா" என்று மழுப்பினேன். எனக்கும் கேட்டது.

தோள்வலிக்குத் தைலம் அனுப்பு. எட்டும் இடம்வரை தேய்த்துக்கொள்கிறேன். தம்பியின் ட்ரம்பெட்டை விற்றுவிடச் சொன்னேனே, வேண்டாம். வாங்க வருகிறவர் எவ்வளவு கொடுத்தாலும் விலை படியவில்லை என்று சொல்லிவிடு.

வண்டி வந்துவிட்டது.

உன் பெரியவன்