உள்ளூர்க்காரிக்கு அறை இல்லை

ஜூன் 9, திங்கள்

பக்ரீத் முடிந்துவிட்டது. விருந்தாளிகள் இன்னும் போகவில்லை. நேற்று எனக்குப் படுக்க இடம் கிடைத்தது அடுப்படியில், ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில். யாராவது தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டேன்.

காலையில் கடையைத் திறந்து பிளாஸ்டிக் குடங்களை வெளியே அடுக்கும்போது ஒன்று தோன்றியது. பிறந்த வீட்டில் அக்கா தங்கைகளோடு படுத்தேன். கட்டிக்கொடுத்த வீட்டில் அவரோடு, அவர் அம்மாவோடு. அவர் மவுத்தான பிறகு நஜீம் அண்ணன் வீட்டில், அண்ணன் பிள்ளைகளோடு. நாற்பத்தாறு வயதாகிறது. ஒரு நாள்கூட நான் ஓர் அறையில் தனியாகத் தூங்கியதில்லை!

சிம்மக்கல்லில் இந்தக் கடையை ஒற்றை ஆளாக நடத்துகிறேன். சரக்கு குறைந்து வந்தால் லாரிக்காரனை நிறுத்திவைத்துச் சண்டை போடுகிறேன். ஒரு கதவைச் சாத்திவிட்டுத் தூங்குவதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

ஜூன் 11, புதன்

அறை போட்டுவிட்டேன். ரிங் ரோட்டில் புதிதாக வந்திருக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டல். அடுத்த வாரம் வெள்ளி, சனி இரண்டு ராத்திரி. பணமும் கட்டியாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. கடையில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். டீ கொண்டுவந்த மருது அண்ணன், "என்னம்மா, லாட்டரி விழுந்துருச்சா?" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டில் சொன்னேன். அண்ணன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"உள்ளூர்ல வீடு இருக்குறப்ப ஹோட்டல்ல போய் ஒத்தையில தங்குவியா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாங்க?"

"தூங்குறான்னு நெனைப்பாங்க, அண்ணே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பிறகு பாத்திரம் கழுவும்போது அண்ணன் மனைவி நிலோபர் மைனி மெல்லக் கேட்டார்: "அங்க நம்மளுக்கு டீ போட்டுத் தருவாங்களா, நாமளே போடணுமா?"

ஜூன் 20, வெள்ளி

கோபம் இன்னும் போகவில்லை. எழுதிவிட்டால் அடங்கும்.

ஆட்டோவில் போய் இறங்கினேன். வாசலில் பன்னீர் தெளித்து, கழுத்தில் சந்தன மாலை போட்டார்கள். கவுண்டரில் சூரியபிரகாஷ் என்று பெயர் குத்தியிருந்த தம்பி. மேனேஜராம். சிரித்த முகம். என் ஆதாரை வாங்கிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"மேடம், லோக்கல் அட்ரஸ் இருந்தா நாங்க ரூம் குடுக்கறதில்ல."

"பணம் கட்டியிருக்கேனே."

"திருப்பி வந்துரும் மேடம். அது எங்க பாலிசி."

"எதுக்கு அப்படி ஒரு பாலிசி?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "சில பேரு தப்பா யூஸ் பண்றாங்க. கூட யாராச்சும் வர்றாங்களா மேடம்? ஹஸ்பெண்ட்?"

அப்போதுதான் புரிந்தது. மதுரைக்காரி மதுரையில் தனியாக அறை எடுத்தால் அவள் எதற்கு வந்திருப்பாள் என்று இவர்களே முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். முகம் சுட்டது. ஒரு நிமிஷம் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன் — பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் முகம் நினைவுக்கு வந்தது. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்கிற முகம்.

அந்த நேரம் பார்த்து ஒரு கல்யாணக் கூட்டம் உள்ளே வந்தது. பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, சூட்கேஸ்கள். முன்னால் வந்த அம்மாவைக் கேட்டேன்: "எந்த ஊரு நீங்க?"

"இங்க அண்ணா நகர்தாங்க. மாப்பிள்ளை வீடு."

அவர்கள் கையில் சாவி வந்துவிட்டது. நான் தம்பியைப் பார்த்தேன். "அண்ணா நகர் உள்ளூர் இல்லயா?"

"அவங்க ஃபேமிலி மேடம்."

"அப்ப நான் யாருப்பா?"

கவுண்டருக்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்தேன். மாலையைக் கழற்றவில்லை. அடுத்து வந்த ஒவ்வொருவரையும், கடையில் ஆட்களை விசாரிக்கிற அதே குரலில் விசாரித்தேன். "வாங்க, எந்த ஊரு? உள்ளூரா? பாத்துக்கங்க. உள்ளூர்ப் பொம்பள தனியா வந்தா இங்க ரூம் இல்லயாம்." சந்தைக்கடைச் சத்தத்தில் இருபது வருஷம் பேசிப் பழகிய தொண்டை இது. அந்தப் பளிங்கு ஹாலில் மூலைவரைக்கும் போனது.

ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்று என்ன விஷயம் என்று தம்பியிடம் கேட்டாள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டுப்புடவை அம்மா திரும்பி வந்து, "இது என்ன தம்பி அநியாயம்?" என்றார். தம்பி யாருக்கோ ஃபோன் போட்டான். காதைப் பொத்திக்கொண்டு பேசினான். திரும்பி வந்தவன் கையில் சாவி அட்டை.

"இந்த ஒரு தடவை மட்டும், மேடம்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ரூம் எங்கிட்டு இருக்கு?"

கொடுத்தது சர்வீஸ் லிஃப்டுக்குப் பக்கத்து அறை. இருக்கட்டும். கதவைச் சாத்தித் தாழ்போட்டேன். அந்த 'டக்'கென்ற சத்தத்தைக் கேட்டு நின்றேன். பிறகு திறந்து, மறுபடியும் போட்டேன்.

ஜூன் 21, சனி

தூங்கினேனா என்றால், முதலில் இல்லை. இம்புட்டு அமைதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலின் ஓரத்திலேயே படுத்திருந்தேன், மிச்ச இடம் வேறு யாருக்கோ என்பதுபோல. அப்புறம் நடுவுக்கு நகர்ந்தேன். கை காலை விரித்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே தூங்கிப்போனேன். எழுந்தபோது வெயில் கட்டில்வரை வந்திருந்தது. விடியல் தொழுகை ஃபஜ்ரும் போய்விட்டது. விட்டதைக் களாவாகத் தொழுதேன். அல்லாஹ் மன்னிப்பான்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இந்த மெத்தை மாதிரி ஒரு மெத்தையில் நான் படுத்ததே இல்லை. குளிக்கிற வெந்நீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, வாசலில் நின்று யாரும் கதவைத் தட்டவில்லை. குளித்துக்கொண்டே சத்தமாகப் பாடினேன். ஜன்னலில் தூரத்து அழகர்மலை நீலமாகத் தெரிகிறது. மதுரையிலேயே பிறந்து, உட்கார்ந்து அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த மலையம்மாள், வாடிப்பட்டிக்காரர், "தனியாவாம்மா வந்துருக்கீங்க? கொடுத்து வச்சவுக," என்று சொல்லிவிட்டு இரண்டு தலையணை கூடுதலாக வைத்துவிட்டுப் போனார்.

சாம்பாரில் வெல்லம். மதுரையில் உட்கார்ந்துகொண்டு இட்லிக்கு இப்படி ஒரு சாம்பாரா? சட்னியும் ஐஸ் மாதிரி.

இதோடு முடிந்திருந்தால் நல்லது.

அந்தியில் மஃரிப் தொழுது முடித்து, முஸல்லா விரிப்பைக்கூட மடிக்கவில்லை, கதவைத் தட்டினார்கள். இரண்டு செக்யூரிட்டி ஆட்கள். "ரூம் செக்கிங் மேடம்."

"எல்லா ரூமுக்குமா?"

ஒருவர் மற்றவரைப் பார்த்தார். "உங்க ரூமுக்கு விசிட்டர் யாரும் வந்திருக்காங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

கதவை அகலத் திறந்தேன். "வாங்க. நல்லாப் பாருங்க. கட்டிலுக்கு அடியில பாருங்க. பாத்ரூம்ல பாருங்க. அலமாரியையும் தொறக்கட்டுமா? என் முஸல்லாவ வேணா மடிச்சு எடுக்குறேன், அதுக்கு அடியில யாராச்சும் இருந்தாலும் இருப்பாங்க."

வயசானவர் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுருங்கம்மா." போய்விட்டார்கள்.

ச்சீ. என்ன நினைச்சுட்டானுங்க என்னைய? நான் யாரு, என்ன தொழில் பண்றேன், எத்தனை பேருக்குச் சோறு போடுறேன்... எதுக்கு இதெல்லாம் நான் சொல்லணும்? சொன்னாத்தான் மரியாதையா? ஒண்ணுமே இல்லாதவளா இருந்தாலும் அவ கதவு அவ கதவுதானே?

வீட்டுக்குப் போகவில்லை. காசு கொடுத்த ராத்திரி என்னுடையது. கட்டிலின் நடுவில்தான் படுக்கப்போகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கிளம்பும்போது சூரியபிரகாஷ், "ஸ்டே எப்படி இருந்துச்சு மேடம்? ஒரு ரிவ்யூ போட்டீங்கன்னா நல்லாருக்கும்," என்றான். கண்டிப்பாகப் போடுகிறேன் தம்பி என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஹோட்டல் புக் செய்த ஆப்பிலேயே ரிவ்யூ போட்டுவிட்டேன். தமிழில்தான். கோபத்தில் எழுதியதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். ஒரு சொல்கூடக் கூட்டியதாக இருக்கக் கூடாது.

மெத்தை அருமை, வெந்நீர் அருமை, மலையம்மாள் என்பவர் அறையை வைத்திருந்த விதம் அருமை என்று முதலில் எழுதினேன். சாம்பாரைப் பற்றியும் எழுதினேன். பிறகு: "உள்ளூர்ப் பெண் தனியாக வந்தால் அறை இல்லை என்கிறார்கள். சண்டை போட்டு வாங்கினால் சாயங்காலம் ஆம்பளை யாரையாவது ஒளித்துவைத்திருக்கிறேனா என்று தேட ஆள் அனுப்புகிறார்கள். அந்த அறையில் நான் தேடிப்போனது தூக்கம். — சுஃபியா, சிம்மக்கல்."

பெயரை மறைக்கவில்லை. மறைத்தால் அவர்கள் நினைத்தது சரியாகிவிடும்.

ஜூன் 27, வெள்ளி

சூரியபிரகாஷ் ஃபோன் செய்தான். குரலில் தேன். "மேடம், ஃபேமிலியோட வாங்க. ரெண்டு நாள் ஃப்ரீயா தங்கலாம். அந்த ரிவ்யூவ மட்டும் எடுத்துருங்க."

"அதுல எது பொய்யின்னு சொல்லுங்க தம்பி. இப்பவே எடுத்துர்றேன்."

"பொய்ன்னு சொல்லல மேடம்..."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

ஜூன் 30, திங்கள்

அண்ணன் கடைக்கே வந்துவிட்டார். மத்தியானம், ஆட்கள் நிற்கும்போது. அந்த ஹோட்டலுக்குத் துண்டும் மெத்தை விரிப்பும் கொடுப்பது அவருடைய கடைதான். புக் செய்யும்போது எனக்கு அது தெரியாது; எந்த ஹோட்டல் என்று நான் அவரிடம் சொல்லவுமில்லை. ஹோட்டலில் கொள்முதல் பார்க்கிற ஆள் அவரைக் கூப்பிட்டு, "சுஃபியா உங்க தங்கச்சியாமே?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆர்டரே போயிரும்டி. நாலு வரிய அழிக்கிறதுல உனக்கு என்ன கொறைஞ்சு போகுது?"

"என் ரூமுக்குள்ள ஆம்பளயத் தேடுனாங்க. அத அழிக்க முடியுமா அண்ணே?"

"நீ அங்க போகாம இருந்திருந்தா தேடியிருக்க மாட்டாங்கல்ல?"

இதைச் சொன்னது என் அண்ணன். ஹோட்டல்காரன் சொன்னபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

"அழிக்க மாட்டேன்," என்றேன். "என்னைய வீட்ட விட்டுப் போகச் சொல்றதா இருந்தாலும் சொல்லிருங்க. கடைக்கு மேல மாடி காலியாத்தான் கெடக்கு."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 1, செவ்வாய்

அண்ணன் வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. பேசவுமில்லை. நானும்.

ஜூலை 8, செவ்வாய்

ஆர்டர் போய்விட்டது. மைனி சொன்னார். தையல் போடும் ஆட்களில் இரண்டு பேரை, இனி வேலை இல்லையென்று, அண்ணன் வேறு கடைக்கு அனுப்பிவிட்டாராம்.

நான் செய்தது சரியா? என் மானத்துக்கு அவர்கள் வேலை விலையா? ராத்திரி ஃபோனை எடுத்து, அந்த ரிவ்யூவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழிப்பதற்கு ஒரு தொடுதல் போதும்.

கீழே வேறு பெண்கள் எழுதியிருந்தார்கள். தேனியிலிருந்து ஒரு டாக்டர்: என்னையும் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். திருமங்கலத்திலிருந்து ஒருவர்: வீட்டில் அடி தாங்காமல் ஒரு ராத்திரி ஒதுங்கப் போனேன், உள்ளூர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன்.

அதை இரண்டு தடவை படித்தேன். ஃபோனை மூடி வைத்தேன். ஆர்டரை நிறுத்தியது அவர்கள். நான் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

புக்கிங் ஆப்காரர்கள் பெங்களூரிலிருந்து பேசினார்கள். நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எதையும் விடவில்லை, சாம்பார் உட்பட. ஹோட்டலிடம் கேட்பதாகச் சொன்னார்கள்.

ஜூலை 17, வியாழன்

அண்ணன் ஆர்டரைத் திரும்பக் கேட்க அங்கே போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. மைனிதான் அடுப்படியில் வைத்துச் சொன்னார்.

கொள்முதல் ஆள் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்திருக்கிறான். பிறகு பக்கத்திலிருந்தவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "பாய், உங்க தங்கச்சி அடுத்து எந்த ஹோட்டலுக்கு?" என்றானாம். இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

"ஒங்கண்ணன் காப்பிய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டாரு," என்றார் மைனி. "வீட்டுக்கு வந்து மொகத்தக் கழுவிக்கிட்டே இருந்தாரு. கழுவிக்கிட்டே இருந்தாரு."

ஜூலை 18, வெள்ளி

ஜும்மா முடிந்து அண்ணன் கடைக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீ வந்தது, குடித்தார். போகும்போது, "அத அழிச்சுராத," என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மைனி வெள்ளிக்கிழமையே என் ஃபோனை வாங்கி, இன்று ராத்திரிக்குத் தனக்கென்று ஓர் அறையைத் தானே புக் செய்தார். அதே ஹோட்டல்தான் வேண்டும் என்றார். வேறு இடம் பார்க்கலாமே என்றதற்கு, "ஏன், அவங்களுக்குப் பயந்தா?" என்று என்னையே கேட்டார். அண்ணன்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

திரும்பி வந்தவரிடம், "ரூம் குடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஆதார வாங்குனான். பாத்தான். சாவியக் குடுத்துட்டான். ஒரு கேள்வி கேக்கல."

"நீங்க கூட நின்னீங்களா?"

"இல்ல. கண்ணாடிக்கு வெளிய நின்னுதான் பாத்தேன். உள்ள வரக்கூடாதுன்னுட்டா." வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். "ராத்திரிச் சோத்துக்கு என்ன பண்றது?"

"உங்க வீடு, உங்க அடுப்பு," என்றேன்.

இப்போது அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மல்லித்தூள் எங்கே இருக்கிறதென்று அண்ணன் கத்துகிறார். எனக்குத் தெரியும். அவரே தேடட்டும்.